வெளிறிய ஆடு

சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தை விரலால் தட்டினால் அது சீக்கிரம் சுற்றி முடிக்கும் என்பது, சார், இன்றைய மனிதகுலத்தின் ஆகப் பெரிய மூடநம்பிக்கை. கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்க்கிறேன், அந்தப் போன் திரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறீர்கள். பூனை குறுக்கே வந்தால் நின்றுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். அவர்களாவது சும்மா நிற்கிறார்கள், பூனையைத் தட்டுவதில்லை.

நீங்கள் ஆடுவது பிளாக்செயின் விளையாட்டுதானே? வட்டத்தின் நிறத்தைப் பார்த்தேன், புரிந்துவிட்டது. அப்படியானால் இன்னொரு நம்பிக்கையையும் திருத்திவிடுகிறேன். காயை வைத்துக் கையை எடுத்தால் ஆடியாகிவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. நீங்கள் விண்ணப்பம் கொடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஆயிரம் கம்ப்யூட்டர்கள் ஒரே பதிவேட்டை ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. உங்கள் நகர்வு வரிசையில் நின்று அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறினால்தான் அது நடந்தது. ஏறும்வரை அது நடக்கவில்லை. கூட்டம் இல்லாவிட்டால் நாலு நொடி. கூட்டம் இருந்தால் நாற்பது நிமிடம்கூட ஆகும். அதிகக் கட்டணம் கொடுப்பவனுக்கு முன்வரிசை. ஏறிவிட்டால் பிறகு அதை யாராலும் அழிக்க முடியாது, பிரம்மாவே வந்தாலும்.

இடம் மாற்றிக்கொடுத்ததற்கு நன்றி. அதோ, நாலு வரிசை முன்னால், கத்திரிப்பூ நிறப் புடவை, அவள்தான் என் மனைவி பூங்கோதை. எங்கள் இரண்டு ரயில் டிக்கெட்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்தன. இந்த ஜன்னலில் வெயில் அடிக்கிறது என்று உங்களிடம் சொன்னாள், இல்லையா? வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கிறது. போகட்டும். அங்கே சார்ஜ் போடும் இடம் வேலை செய்யவில்லை போல, கைப்பேசியை மட்டும் இங்கே கொண்டுவந்து செருகிவிட்டுப் போனாள். என்னிடம் எதுவும் சொல்லவில்லை. மூன்று வாரமாகவே அப்படித்தான். சோறு உண்டு, காப்பி உண்டு, பேச்சு இல்லை.

பெங்களூர் போனதும் சரியாகிவிடும். அவள் தம்பி மகள் நிறைமதி அங்கே இருக்கிறாள். இந்த மாதிரி விளையாட்டுகள் செய்கிற கம்பெனியில் வேலை. "எல்லாப் பதிவையும் எடுத்து வெச்சிருக்கேன், அத்தை, நேர்ல வாங்க, நிமிஷத்துக்கு நிமிஷம் காட்டறேன்" என்று போன புதன்கிழமை கூப்பிட்டுச் சொன்னாள். நானே டிக்கெட் போட்டேன். அந்தப் பதிவை பூங்கோதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், சார். நான் ஒரு விதியைக்கூட மீறவில்லை என்பது விளங்கிவிடும். பழையபடி பேசுவாள்.

நான் முப்பத்தொரு வருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் இருந்தவன். கையெழுத்து, கைரேகை, டோக்கன் எண், நேரம். அண்ணன் தம்பி பத்திரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து அடித்துக்கொள்வார்கள். நான் பேனாவை மூடிவைத்துவிட்டு, உங்கள் டோக்கன் வரட்டும் என்பேன். ஒருநாளும் ஒரு டோக்கனை முன்னே பின்னே விட்டதில்லை. அதனால்தான் இந்த பிளாக்செயின் என்பது எனக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. லஞ்சம் வாங்காத சார்பதிவாளர் அலுவலகம். கட்டணம் மட்டும் வெளிப்படையாக வாங்கும்.

என் மைத்துனர், அதாவது நிறைமதியின் அப்பா, தனபாலனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபிறகு எங்கள் அடுக்குமாடியிலேயே கீழ் வீட்டுக்குக் குடிவந்தார். நாங்கள் இரண்டாம் மாடி. நடுவில் முப்பத்தாறு படி. பூங்கோதை தினமும் ஆறு மணிக்குமேல் அவருக்கு டிபன் எடுத்துக்கொண்டு இறங்குவாள். மற்ற நேரம் அவர் தனியாக உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். இல்லாவிட்டால் மேலே வந்து என்னோடு ஆடுபுலி ஆடுவார். மொட்டை மாடியில் சாக்பீஸால் கட்டம், பதினைந்து புளியங்கொட்டை ஆடு, மூன்று பட்டன் புலி. எனக்கு எப்போதும் புலி. ஆடுகளைத் தாண்டித் தாண்டி வெட்டுவது புலியின் வேலை. புலி நகர முடியாதபடி சுற்றி நிற்பது ஆட்டின் வேலை.

நல்ல மனிதர். ஆனால், சார், வைத்த காயைத் திரும்ப எடுப்பார். எடுத்துவிட்டுச் சிரிப்பார். "ஏனுங்க மாமா, ஒரு கொட்டைதானுங்க" என்பார். அது ஒரு கொட்டை இல்லை, ஒரு நகர்வு என்று பலமுறை விளக்கியிருக்கிறேன். விளக்க விளக்கச் சிரிப்பார்.

நிறைமதி இந்தப் பொங்கலுக்கு வந்தபோது அவள் கம்பெனியின் ஆடுபுலியைப் போட்டுக்கொடுத்தாள். அப்பாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே ஆடட்டும், பேச்சுத்துணையாகவும் இருக்கும் என்று அவள் கணக்கு. ஒவ்வொரு நகர்வோடும் நாலு வார்த்தை எழுதி அனுப்பலாம். காயின்மேல் கடித உறை மாதிரி ஒரு சின்னக் குறி தெரியும், தொட்டால் திறக்கும். என்னுடையது பொத்தான் போன். அதனால் பூங்கோதையின் போனில் எனக்குக் கணக்குத் தொடங்கினாள். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறரை வரை போன் என் கையில். அந்த நேரம் அவளுக்குச் சமையலறையில் வேலை, போன் எதற்கு?

முதல் வாரம் நன்றாக இருந்தது. அவர் காயோடு ஏதாவது எழுதுவார். "மாமா, இன்னைக்கு அக்கா அடை செய்யறாளா, வாசம் வருது." இப்படி. நான் பதில் எழுதமாட்டேன். ஆட்டம் வேறு, அடை வேறு.

அப்போதுதான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். இதைக் கண்டுபிடிப்பு என்று சொல்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஐந்தரை ஆனதும் பதிவேட்டில் கூட்டம் நெரிகிறது. ஏனென்று நிறைமதியைக் கேட்டேன். இதே நெட்வொர்க்கில் இன்னொரு பெரிய விளையாட்டு இருக்கிறதாம். ஏதோ ஒரு நாட்டுக்காரர்கள் மீன் பிடிக்கும் ஆட்டம். தினமும் நம் ஊர் ஐந்தரைக்கு அதில் பரிசு கொடுக்கிறார்களாம். லட்சம் பேர் ஒரே நேரத்தில் கையை நீட்டுகிறார்கள். அந்த லட்சம் மீனுக்குப் பின்னால் எங்கள் ஈரோட்டு ஆடு வரிசையில் நிற்க வேண்டும்.

எங்கள் ஆட்டத்தில் ஒரு நகர்வுக்கு இருபது நிமிடம் கெடு. அதற்குள் நகர்வு பதிவாகாவிட்டால் எதிராளி வெற்றியைக் கோரலாம், அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. தனபாலன் எப்போதும் ஆகக்குறைந்த கட்டணத்தில்தான் அனுப்புவார். அது அப்படியே இருந்துவிட்டது, மாற்றத் தெரியாது. நான் 'விரைவு' என்பதை அழுத்திவிடுவேன். என் நகர்வு மூன்று நொடியில் ஏறும். அவருடையது வெளிறிப்போய் நிற்கும்.

வெளிறி என்றால், பதிவாகாத காயை அந்த ஆட்டம் மங்கலாகக் காட்டும். இன்ன இடத்தில் வைக்கப் பார்க்கிறார், ஆனால் வைக்கவில்லை என்று. இதில்தான், சார், ஒழுக்கம் என்று ஒன்று வருகிறது. பதிவாகாததைப் பார்த்து நான் முன்கூட்டியே யோசித்தால் அது திருட்டு. பதிவுக்கு வராத பத்திரத்தைப் படித்துவிட்டு எதிர்த்தரப்புக்குச் சொல்வது மாதிரி. ஆகவே வெளிறிய ஆடு தெரிந்தவுடன் போனின்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடிவிடுவேன். கெடு முடியும்போது எடுத்துப் பார்ப்பேன். நூறு பேரில் ஒருவன் இப்படிச் செய்வானா? நீங்களே சொல்லுங்கள்.

இருபத்து மூன்று ஆட்டத்தில் பத்தொன்பது ஜெயித்தேன்.

அவர் குறைப்பட்டுக்கொண்டார். ஆட்டத்தை மதியத்துக்கு மாற்றலாமா என்று கேட்டார். முடியாது என்றேன். மதியம் தூக்கம். ஒருநாள் மேலேயே ஏறி வந்துவிட்டார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. பூங்கோதை மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க மாமா, உங்க ஆபீஸ்ல பத்திரம் லேட்டாப் பதிவானா, பதிவான தேதியில இருந்து செல்லுமா, எழுதிக் கையெழுத்துப் போட்ட தேதியில இருந்து செல்லுமா?"

நான் திகைத்துப்போனேன். லைன்மேனுக்கு இது எப்படித் தெரிந்தது? எழுதிய தேதியிலிருந்துதான் செல்லும், சார். பதிவுச் சட்டம் நாற்பத்தேழாவது பிரிவு. ஆறு மாதம் மேசையில் கிடந்தாலும், பதிவாகிவிட்டால் எழுதிய நாளிலிருந்து உயிர்.

"அப்ப நான் வெச்சது வெச்ச நேரத்துல இருந்து செல்லோணுமில்ல" என்றார்.

அது பத்திரம், இது ஆட்டம் என்றேன். அவருக்கு அது போதவில்லை. பூங்கோதை சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அன்றிலிருந்து ஒரு நிபந்தனை போட்டேன். ஆட்ட நேரத்தில் போன் பண்ணக்கூடாது. அவருக்கு அந்தப் பழக்கம் இருந்தது. ஆடு வெளிறி நின்றால் உடனே கூப்பிடுவார், "மாமா, வெச்சுட்டேனுங்க, கொஞ்சம் பொறுங்க" என்று. இனி கூப்பிட்டால் எடுக்கமாட்டேன், துண்டித்துவிடுவேன் என்றேன். சரி என்று தலையாட்டினார். தலையாட்டினார், சார். அதற்குப் பூங்கோதையே சாட்சி.

இருபத்து நாலாவது ஆட்டம். செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு எனக்கு நேரம் சரியில்லை. இரண்டு புலி அடைபட்டுவிட்டது. மூன்றாவது புலிக்கு ஒரே ஒரு வழி. அங்கே ஓர் ஆடு வந்து நின்றால் முடிந்தது. நான் நகர்த்தியது ஐந்து முப்பத்து நாலுக்கு ஏறியது. அவருக்கு ஐந்து ஐம்பத்து நாலு வரை கெடு. நேரமெல்லாம் எப்படித் துல்லியமாகச் சொல்கிறேன் என்று பார்க்காதீர்கள். தொழில் பழக்கம்.

ஐந்து முப்பத்தேழுக்குப் போன் அடித்தது. திரையில் 'தம்பி' என்று வந்தது. அவள் போன் அல்லவா, அவள் அப்படித்தான் பதிந்து வைத்திருந்தாள். துண்டித்தேன். முப்பத்தெட்டுக்கு மறுபடி. துண்டித்தேன். பூங்கோதை சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே யாரென்று கேட்டாள். கம்பெனிக்காரன் என்றேன். கடன் வேண்டுமா, காப்பீடு வேண்டுமா என்று தினமும் பத்துப் பேர் கூப்பிடுகிறார்கள் இல்லையா, அந்த மாதிரி. விளக்கிச் சொல்ல நேரமில்லை, சுருக்கிச் சொன்னேன். அவள் மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது, பலகையில் கத்தி. பீன்ஸ் நறுக்க இவ்வளவு நேரமா என்று அப்போது நினைத்தேன்.

ஐந்து நாற்பதுக்கு ஆடு வந்தது. அதே இடத்தில், என் புலிக்கு இருந்த ஒரே வழியில். வெளிறி. மேலே கடித உறைக் குறி. ஜெயிக்கப்போகிற மகிழ்ச்சியில் ஏதோ நையாண்டி எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். திறந்து பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம், சார். விரலால் ஒரு தொடல். பதிவாகாததை நான் பார்ப்பதில்லை. கைக்குட்டையைப் போட்டு மூடினேன்.

பதினாலு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கீழே ஏதோ விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. அடுக்குமாடியில் ஏதாவது விழுந்துகொண்டேதான் இருக்கும். எனக்கு ஒரே கவலைதான். மீன்காரர்கள் கூட்டம் கலைந்துவிடுமோ, ஆடு ஏறிவிடுமோ என்று. ஐம்பத்து நாலுக்குக் கைக்குட்டையை எடுத்தேன். ஆடு வெளிறியே இருந்தது. வெற்றியைக் கோரினேன். விரைவுக் கட்டணத்திலும் மேலான ஒன்று இருந்தது, அன்றைக்கு முதல்முறையாக அதை அழுத்தினேன். இரண்டே நொடி. போனில் கொம்பு ஊதியது. இருபதாவது வெற்றி.

ஆறு பத்துக்கு பூங்கோதை டிபன் எடுத்துக்கொண்டு இறங்கினாள். அவர் நாற்காலியிலிருந்து சரிந்து கிடந்தார், போன் கையிலேயே இருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போது மூச்சு இருந்தது. பெருந்துறை ரோடு தாண்டுவதற்குள் இல்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். அரைமணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். டாக்டர்கள் எல்லோரும் சொல்வதுதான், அது ஒரு வழக்கம்.

நூற்றெட்டைக் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்கப்போகிறீர்கள். நானும் அதையேதான் சொன்னேன். கருமாதி வீட்டில் சொன்னேன்.

இதற்கிடையில் அந்த ஆடு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லாச் சிக்கலும் அதனால்தான். அது வரிசையில் நின்றுகொண்டே இருந்திருக்கிறது. ஆறு பன்னிரண்டுக்கு அதன் முறை வந்தது. ஆட்டம் ஏற்கெனவே முடிந்துவிட்டதால் நிராகரிக்கப்பட்டது. ஆட்டத்தின் திரையில் அது தெரியாது. ஆனால் பதிவேட்டில் இருக்கிறது. எங்கள் அலுவலகத்தில் இரண்டாம் புத்தகம் என்று ஒன்று உண்டு. பதிவுசெய்ய மறுத்த பத்திரங்களை, ஏன் மறுத்தோம் என்ற காரணத்தோடு அதில் எழுதிவைப்போம். வருடத்துக்கு ஒருமுறை தூசி தட்டுவதோடு சரி, யாரும் வந்து கேட்கமாட்டார்கள். இந்த பிளாக்செயின்காரர்களும் அந்த மாதிரி ஒன்று வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. நிராகரித்த நகர்வு, அனுப்பிய நேரம், அதோடு எழுதிய வார்த்தை, எல்லாம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். நிறைமதி திறந்து படித்திருக்கிறாள்.

புதன்கிழமை அவள் கூப்பிட்டபோது பூங்கோதை பால்கனியில் நின்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள், உள்ளே எனக்கும் கேட்டது. உள்ளே வந்தாள். போனில் எதையோ மேலே மேலே தள்ளிப் பார்த்தாள். அந்த ஆட்டம் நடந்த செவ்வாய்க்கிழமை வரை போயிருப்பாள் என்று நினைக்கிறேன். பிறகு என் எதிரில் உட்கார்ந்தாள். இந்த மூன்று வாரத்தில் அவள் என்னோடு பேசியது அது ஒன்றுதான்.

"அக்காவை வரச் சொல்லுங்க மாமான்னு அனுப்பிச்சிருக்கான். உங்களுக்கு வந்துதா?"

"பதிவாகலை" என்றேன்.

"வந்துதான்னு கேட்டேன்."

"பதிவாகாததை வந்ததாக எடுத்துக்கொள்ள முடியாது, பூங்கோதை."

கொஞ்ச நேரம் என் சட்டைப்பையையே பார்த்தாள். கைக்குட்டை அதில்தான் இருந்தது. பிறகு எழுந்துபோய்க் குக்கரை இறக்கினாள்.

அதனால்தான் சொல்கிறேன், பெங்களூர் போனால் எல்லாம் தெளிந்துவிடும். கெடு இருபது நிமிடம் என்பது பதிவில் இருக்கிறது. ஐம்பத்து நாலுக்கு முன்னால் நான் பொத்தானைத் தொடவில்லை, அதுவும் இருக்கிறது. அழிக்கவே முடியாது, சார், ஆயிரம் பிரதி. நிறைமதி படித்த பெண், நியாயம் தெரிந்தவள். ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் இன்னும் பேசவில்லை. வேலை அதிகம் போல.

இது எந்த ஊர், தர்மபுரியா? அதற்குள்ளா? உங்கள் வட்டம் இன்னும் சுற்றுகிறதே. விடுங்கள், தட்டாதீர்கள். இருங்கள், அந்த இருபத்து நாலாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தை உங்களுக்குக் காட்டுகிறேன். புலி எங்கே நின்றது, அந்த ஒரு வழி எது என்று பார்த்தால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள். அவள் போன் இதோ இங்கேதானே சார்ஜில் இருக்கிறது.

ஓ. கடவு எண் கேட்கிறது. இதற்குமுன் இதில் கடவு எண் கிடையாது. நாலு இலக்கம். அவள் பிறந்த வருடம், இல்லை. எங்கள் கல்யாண வருடம், இல்லை. என் பிறந்த தேதி, இல்லை. கதவு எண்ணோ என்னவோ, அதுவும் இல்லை. என் பிறந்த தேதியைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறேன்.

முப்பது நொடி காத்திருக்கச் சொல்கிறது.